துள்ளும் நாய்க்குச் சங்கிலி தீர்வாகுமா?

வீட்டு விலங்குகள் பற்றிய இன்றைய கருத்தரங்கில் பேச எடுத்துக்கொண்ட பொருள், 'அடங்காத நாய்'. பலருக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால், மாலை நேரத்தில் ஏதாவது ஒரு தாமானில் நடந்து பார்த்தால், இது எவ்வளவு வீடுகளின் பிரச்சினை என்பது காதிலேயே விழும். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மீட்டர் சங்கிலியில் கட்டப்பட்டு, போவோர் வருவோரைப் பார்த்து ஓயாமல் குரைத்துக்கொண்டிருக்கும் நாய், ஏறக்குறைய எல்லா வரிசையிலும் ஒன்று இருக்கிறது.

அந்த நாயின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று குட்டியாக வாங்கி வருகிறார்கள். முதல் மூன்று மாதம் வீடே அதைச் சுற்றி வருகிறது. ஆறேழு மாதத்தில் அது பூச்சட்டியைக் கவிழ்க்கிறது, காலணியைக் கடித்துக் குதறுகிறது, காயப்போட்ட துணியை இழுத்துப் போடுகிறது, வயதான பாட்டியின் மேல் தாவுகிறது. 'இதற்கு அடக்கமே இல்லை' என்று முடிவாகிறது. சங்கிலி வருகிறது. கட்டிப்போட்டதும் குரைப்பு அதிகமாகிறது. அண்டை வீட்டார் முதலில் முகம் சுளிக்கிறார்கள், பிறகு நகராண்மைக் கழகத்தில் புகார் செய்கிறார்கள். கடைசியில் ஒருநாள் அந்த நாய் விலங்குக் காப்பகத்தின் வாசலிலோ, சந்தைக்குப் பின்னாலோ, செம்பனைத் தோட்டத்து மண்சாலையிலோ இறக்கிவிடப்படுகிறது.

இந்தக் கதையில் நாய் செய்த குற்றம் என்ன? அதற்குச் சுறுசுறுப்பு இருந்தது, வேலை இல்லை. அவ்வளவுதான்.

வேலைக்காக உருவான விலங்கு

மனிதன் நாயைப் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தன்னோடு வைத்திருப்பது அழகு பார்ப்பதற்காக அல்ல. 'பார்டர் கோலி' இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில் ஆட்டு மந்தையை மேய்ப்பதற்காக வளர்க்கப்பட்டது. 'ஜெர்மன் ஷெப்பர்ட்' என்ற பெயரிலேயே மேய்ப்பன் இருக்கிறான். 'ஜேக் ரஸ்ஸல் டெரியர்' வளைக்குள் பதுங்கும் நரியை விரட்ட உருவாக்கப்பட்டது. நமது தெருவில் பிறந்த கலப்பின நாயோ, எந்த வேளைக்கு எந்தக் கடையில் எலும்பு விழும் என்று கணக்குப் போட்டுப் பிழைத்த பரம்பரையைச் சேர்ந்தது.

மலேசியாவுக்கே உரிய எடுத்துக்காட்டும் உண்டு. பகாங் மாநிலத்தில் தெலோம் ஆற்றுப் பகுதியில் ஒராங் அஸ்லி மக்கள் வளர்த்த நாய்க்கு, அந்த ஆற்றின் பெயரால் 'தெலோமியன்' என்று பெயர். 1963-ஆம் ஆண்டில் ஓர்வில் எலியட் என்ற மானிடவியலாளர் வழியாக அது அமெரிக்காவை எட்டியது. தூண்கள் மேல் உயர்த்திக் கட்டப்பட்ட வீடுகளுக்கு ஏணியில் ஏறிச் செல்லும் நாய் என்பது அதற்குக் கிடைத்த புகழ். ஏணி ஏறும் நாய், சங்கிலியில் படுத்துத் தூங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு பொருந்தாதது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆக, இத்தகைய விலங்கை நான்கு சுவருக்குள் வைத்திருப்பவர்கள் அதற்கு ஒரு வேலையைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். அந்த வேலையை வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே கொடுக்கலாம். 'அஜிலிட்டி' எனப்படும் தடைதாண்டும் பயிற்சி அதற்கு நல்ல வழி.

அஜிலிட்டி என்றால் என்ன?

1978-ஆம் ஆண்டில் லண்டனில் நடந்த 'கிரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சியில் இது தொடங்கியது. இரண்டு முக்கிய அங்கங்களுக்கு இடையே பார்வையாளர்களுக்கு ஏதாவது காட்ட வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் நினைத்தார்கள். குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து, அதையே நாய்களுக்கு மாற்றியமைத்தார்கள். ஜான் வார்லி யோசனை சொன்னார். பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளர் அதைச் செய்து காட்டினார். இடைவேளையை நிரப்ப வந்த அந்தக் காட்சி இன்று பல நாடுகளில் விளையாட்டாக வளர்ந்துவிட்டது.

நாய் தடைகளைத் தாண்டும், துணிச் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளிவரும், ஏற்றமும் இறக்கமுமான பலகைகளில் ஓடும், வரிசையாக நட்ட கம்பங்களுக்கு இடையே பாம்புபோல வளைந்து செல்லும். வளர்ப்பவர் பக்கத்தில் ஓடி வழிகாட்டுவார். தவறில்லாமல் விரைவாக முடிப்பவருக்கு வெற்றி.

இதில் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். போட்டி நடக்கும்போது நாய்க்குக் கயிறு கிடையாது. வளர்ப்பவர் நாயைத் தொடக்கூடாது. கையில் தின்பண்டமும் இருக்கக்கூடாது. குரலும் கை அசைவும் கால் போகும் திசையும் மட்டுமே. அதாவது, உலகத்திலேயே மிகத் துடிப்பான நாய்கள், எந்தச் சங்கிலியும் இல்லாமல், ஒரு மனிதரின் சொல்லுக்கும் சைகைக்கும் கட்டுப்பட்டு ஓடுகின்றன. 'அடங்காத நாயைக் கட்டித்தான் வைக்க வேண்டும்' என்று சொல்வோருக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

அடித்தால் படியுமா?

'அடியாத மாடு படியாது' என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. நாய்க்கு அதைப் பொருத்திப் பார்ப்பவர்கள் பலர். ஆனால், எறிந்த வேல் தன் உடம்பில் தைத்திருக்கும்போதும் எறிந்தவனைப் பார்த்து வாலாட்டுவது நாய் என்று நாலடியார் சொல்கிறது. நாயின் அந்தக் குணம்தான் அடிப்பவரை ஏமாற்றிவிடுகிறது. அடித்த பிறகும் அது வாலைக் குழைத்துக்கொண்டு வருவதைப் பார்த்து, 'புத்தி வந்துவிட்டது' என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதற்கு எந்தக் காரியத்துக்காக அடி விழுந்தது என்பதே புரிந்திருக்காது. கை ஓங்கினால் பயப்பட வேண்டும் என்பது மட்டும் புரிந்திருக்கும். பயந்த நாய் தடையைத் தாண்டாது. சில நேரங்களில் கடிக்கவும் செய்யும்.

இதற்கு மாற்று வழியைப் பரவலாக்கியவர்களில் ஒருவர் கேரன் பிரையர். இவர் 1960-களில் ஹவாயில் டால்பின்களுக்குப் பயிற்சி அளித்தவர். டால்பினுக்குச் சங்கிலி போட முடியாது, அடிக்கவும் முடியாது. அடித்தால் நீந்திப் போய்விடும். ஆகவே, அது சரியாகச் செய்த அந்தக் கணத்தில் ஒரு விசில், உடனே ஒரு மீன். இதே முறை நாய்களுக்கும் பொருந்தும் என்பதை 1984-இல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார். விசிலுக்குப் பதில் 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு பெட்டியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதுவும் இல்லையென்றால் 'சரி!' என்ற ஒரு சொல் போதும். எப்போதும் அதே சொல், அதே தொனி, சரியாகச் செய்த அதே நொடி. அதன் பின்னால் சுண்டுவிரல் நக அளவு வேகவைத்த கோழி இறைச்சி. உப்பும் மசாலாவும் வெங்காயமும் கூடாது. திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு என்பதை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்பது நல்லது.

முதல் பாடம் ஓடுவதல்ல

சுறுசுறுப்பான நாயை வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் காரியம், பந்தை எறிந்து எறிந்து அது களைக்கும்வரை ஓட விடுவது. இதனால் நாய் அடங்குவதற்குப் பதிலாக நாளுக்கு நாள் அதன் மூச்சுத்திறன்தான் கூடுகிறது. இன்றைக்கு இருபது முறை ஓடிக் களைத்த நாய், அடுத்த மாதம் நாற்பது முறை கேட்கும். துடிப்பான நாய்க்கு ஓடக் கற்றுத்தர வேண்டியதில்லை. நிற்கத்தான் கற்றுத்தர வேண்டும்.

எனவே, முதல் சாதனம் ஒரு பழைய துண்டு அல்லது கோணிச் சாக்கு. அதைத் தரையில் விரித்து, நாய் அதன்மேல் கால் வைத்ததும் 'சரி!' என்று சொல்லித் தின்பண்டத்தை அந்தத் துண்டின் மேலேயே வைக்க வேண்டும். பிறகு உட்கார்ந்தால் மட்டும், பிறகு படுத்தால் மட்டும், பிறகு பத்து நொடி படுத்திருந்தால் மட்டும் என்று படிப்படியாக உயர்த்த வேண்டும். ஒரு வாரத்தில் பல நாய்கள் அந்தத் துண்டைக் கண்டாலே போய்ப் படுத்துக்கொள்ளும். இனி எல்லாப் பயிற்சியும் அந்தத் துண்டில் தொடங்கி, அந்தத் துண்டிலேயே முடியும். விருந்தினர் வரும்போதும், பாட்டி நடந்து போகும்போதும் உதவப்போவது இந்தப் பாடம்தான்.

இரண்டாவது, பின்னங்கால் பாடம். நாய்க்குத் தன் முன்னங்கால் தெரியும். பின்னங்கால் தானாகத் தொடர்ந்து வரும். தடைகளில் அடிபடுவது பெரும்பாலும் இதனால்தான். ஓர் ஏணியைத் தரையில் படுக்க வைத்து, அதன் படிகளுக்கு இடையே நாயை மெதுவாக நடத்திச் செல்ல வேண்டும். ஏணி இல்லையென்றால் நான்கைந்து மூங்கில் குச்சிகளை ஓரடி இடைவெளியில் போட்டாலும் போதும். விரைந்து ஓடினால் பயன் இல்லை. ஒவ்வொரு காலாக எடுத்து வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் இப்படி யோசித்து நடந்த நாய், அரை மணி நேரம் ஓடியதைப் போல ஓய்ந்து படுப்பதைக் காணலாம்.

மூன்றாவது, வாளியைச் சுற்றுவது. கொல்லையில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து, நாய் அதைச் சுற்றி வரப் பழக்க வேண்டும். முதலில் இடப்பக்கமாக, பிறகு வலப்பக்கமாக. நாய்கள் சொல்லைவிட உடம்பைத்தான் அதிகம் கவனிக்கின்றன. தோள் ஒரு பக்கம் திரும்பியிருக்க, வாய் வேறு பக்கம் சொன்னால், நாய் தோளையே நம்பும். ஆகவே இது நாய்க்கு மட்டுமல்லாமல் வளர்ப்பவருக்கும் பாடம்.

இவை மூன்றும் தேறிய பிறகு மற்றவை. பிள்ளைகள் விளையாடும் துணிச் சுரங்கம் ஒன்றை வாங்கி, உருண்டு போகாமல் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைக்கலாம். முதலில் அதைச் சுருக்கி வைத்து, மறுமுனையில் ஒருவர் குனிந்து கூப்பிட, பழகப் பழக நீட்டலாம். தடைக்கு ஒரு பி.வி.சி. குழாய், இரண்டு கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பா. கால் பட்டால் குழாய் உருண்டு விழ வேண்டும். எதிலும் கட்டி இறுக்கக்கூடாது. ஆடும் பலகைக்கு, அகலமான பலகையின் அடியில் ஒரு டென்னிஸ் பந்து. பலகை அசைவதற்கும் தட்டென்று ஒலிப்பதற்கும் நாய் பயப்படாமல் இருக்கப் பழகினால் போதும்.

வளைந்து செல்லும் கம்பங்கள்தாம் கடினமானவை. போட்டியில் 12 கம்பங்கள் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும். வீட்டில் ஆறு போதும். கம்பங்களை முதலில் இரண்டு வரிசையாகப் பிரித்து, நடுவில் நேராக ஓட விட வேண்டும். சில நாளுக்கு ஒருமுறை இரண்டு வரிசைகளையும் சிறிது நெருக்கிக்கொண்டே வந்தால், ஒருநாள் அவை ஒரே வரிசையாகிவிடும். நாயும் தன்னை அறியாமல் வளைந்து ஓடக் கற்றிருக்கும். இதற்குச் சில வாரங்கள், சில மாதங்கள்கூட ஆகலாம். அவசரம் கூடாது.

இடம் போதாதே என்று கேட்பவர்கள் உண்டு. வரிசை வீட்டின் கொல்லைப்புறம் பல இடங்களில் ஒரு கார் நிற்கும் அளவுதான். ஒரு நேரத்தில் ஒரு பாடம் என்றால் அந்த இடம் தாராளம். காரை வெளியே எடுத்துவிட்டு, கேட்டைப் பூட்டி, முன்புறத்தையும் பயன்படுத்தலாம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. அதற்கு மேல் வேண்டாம். நடுவில் நாய் குரைக்கத் தொடங்கினாலோ, கையைக் கவ்வினாலோ, தறிகெட்டு வட்டமடித்தாலோ, அது திமிர் என்று நினைக்கக்கூடாது. அதன் மூளை தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது என்று பொருள். சத்தம் போடாமல் துண்டுக்கு அழைத்து, படுக்க வைத்து, எளிய ஒன்றைச் செய்ய வைத்து முடித்துவிட வேண்டும்.

வெயிலும் வயதும்

இந்நாட்டுச் சீதோஷ்ண நிலையில் இரண்டு எச்சரிக்கைகள் மிகவும் அவசியம்.

ஒன்று வெப்பம். மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் சிறிது வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமே அது தன் சூட்டைத் தணிக்கிறது. காற்றில் ஈரப்பதம் கூடும்போது அந்த வழியும் அடைபடுகிறது. எனவே காலை எட்டு மணிக்கு முன், அல்லது மாலையில் வெயில் தாழ்ந்த பிறகுதான் பயிற்சி. சிமெண்டுத் தரையில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் அங்கே நாயின் பாதமும் வேகும். பக், புல்டாக், ஷி சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குக் கடினமான ஓட்டமே வேண்டாம். அளவு மீறி இரைத்து, எச்சில் ஒழுகி, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டு போய், உடம்பெல்லாம் குழாய்த் தண்ணீர் ஊற்றி, விசிறிக் காற்றுப் பட வைத்து, பிறகு தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மற்றொன்று வயது. குட்டியின் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சிப் பகுதி மென்மையானது. அது முற்றுவதற்கு ஏறக்குறைய ஒரு வருடமாகும்; பெரிய இன நாய்களுக்கு ஒன்றரை வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்குள் உயரத்திலிருந்து குதிக்க வைத்தால் வாழ்நாள் முழுதும் நொண்ட நேரிடும். பிரிட்டனில் 18 மாதம் நிரம்பாத நாயைப் போட்டியில் சேர்ப்பதில்லை என்பது இதனால்தான். ஆறு மாதக் குட்டிக்குத் துண்டு, தரை ஏணி, வாளி, சுரங்கம் போதும். தடைக் குழாயைத் தரையிலேயே கிடத்தித் தாண்டி நடக்க விடலாம். வயது வந்த நாய்க்கும், மருத்துவர் மூட்டுகளைப் பார்த்துச் சரி சொன்ன பிறகே உயரம் கூட்ட வேண்டும். பருத்த நாய்க்கு முதலில் எடை குறைய வேண்டும்.

பிள்ளைகள் கற்றுக்கொள்வது

2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, விலங்கை வைத்திருப்பவர் அதன் இயல்பான நடத்தைக்கு வாய்ப்பளிப்பதும் கடமை. கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 ரிங்கிட்டிலிருந்து ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. உரிமமும் தடுப்பூசியும் தவறாமல் எடுத்திருக்க வேண்டும். 2015-இல் கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்களிலும், 2017-இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் பரவியபோது அந்தப் பாடம் கசப்பாகவே கிடைத்தது. நாயைத் தொடக்கூடாது என்ற நம்பிக்கையுடையோரும் பக்கத்து வீட்டில் இருக்கலாம். அவர்கள் வேலிக்குப் பக்கத்தில் பயிற்சி வைக்காமல் இருப்பதும், குரைப்பைக் குறைப்பதும் அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை.

ஆனால் சட்டத்தைவிட முக்கியமானது வீட்டுக்குள் நடக்கும் பாடம். கைத்தொலைபேசியை விட்டு எழுந்திருக்காத பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பார்க்கலாம், பெரியவர் ஒருவர் உடன் இருக்க. நாய் சொன்னபடி செய்யவில்லை என்றால், 'எங்கே சரியாகச் சொல்லித் தரவில்லை?' என்று அந்தப் பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். கோபப்பட்டால் நாய் விலகிப் போகும். பொறுமையாக இருந்தால் பக்கத்தில் வரும். பள்ளிப் பாடநூலில் இதைச் சொல்லித் தருவது கடினம்.

போட்டிக்குப் போக வேண்டும், கோப்பை வாங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் அவசியமில்லை. கொல்லையில் இருக்கும் அந்த நாய்க்கு ஒரு வாளி, ஒரு குழாய், ஒரு பழைய துண்டு, நாளுக்குப் பதினைந்து நிமிடம். காப்பகத்தின் வாசலில் இறக்கிவிட எண்ணியிருக்கும் குடும்பங்கள், அந்த முடிவுக்கு முன் இந்தப் பதினைந்து நிமிடத்தை மூன்று மாதம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே இன்றைய வேண்டுகோள்.